'இப்போதைக்கு ஓடும்'



நம் சபையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர் உண்டு. 12 ஆண்டுகள், 15 ஆண்டுகள், அதற்கும் மேலாக ஒரே வண்டியைப் பேணி ஓட்டுகிறவர்களை நான் மதிக்கிறேன். கடன் வாங்கிப் புதிய வண்டிக்கு மாறாமல், கையில் இருப்பதைக் கொண்டு மனநிறைவாய் வாழ்வது நல்ல குணம். ஆகையால் பழைய வண்டிகளைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. அவற்றைக் குறித்து நம்மிடையே அடிக்கடி வழங்கும் ஒரு சொல்லைப் பற்றியே எழுதுகிறேன். 'இப்போதைக்கு ஓடும்' என்பதே அந்தச் சொல்.

மெக்கானிக் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "லோயர் ஆர்ம் புஷ் போய்விட்டது, பால் ஜாயின்டிலும் ஆட்டம் இருக்கிறது, மாற்றிவிடுங்கள் சார்" என்கிறார். நாம் செலவைக் கேட்கிறோம், சற்று யோசிக்கிறோம், பிறகு, "இப்போதைக்கு ஓடும் அல்லவா?" என்கிறோம். அவரும் நம்மை வருத்தப்படுத்த மனமின்றி, "ஓடும் சார்" என்கிறார். அவர் சொன்னது பொய்யன்று. வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால், "இதில் என் பிள்ளைகளையும் பக்கத்து வீட்டு அம்மாவையும் ஏற்றிக்கொண்டு, மழை பெய்யும் இரவில் நெடுஞ்சாலையில் போகலாமா?" என்று நாம் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் அவருடைய பதிலும் வேறாக இருந்திருக்கும்.

என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தேய்ந்துபோன சஸ்பென்ஷன் பாகங்களை மாற்றுவதா, வேண்டாமா என்பதை வண்டி என்ன விலைக்குப் போகும் என்ற கணக்கைக் கொண்டு தீர்மானிக்கக் கூடாது. அந்த வண்டியில் யார் ஏறுகிறார்கள் என்பதைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். "வண்டியே இவ்வளவுதான் பெறும், அதற்கு இவ்வளவு செலவா?" என்று கேட்கும்போது நாம் இரும்பை இரும்போடு ஒப்பிடுகிறோம். பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பேரப்பிள்ளை அந்தக் கணக்கில் எந்த இடத்திலும் வருவதில்லை.

சஸ்பென்ஷன் என்பது நம் முதுகு வலிக்காமல் இருப்பதற்கான ஓர் ஏற்பாடு என்றே பலர் எண்ணுகிறார்கள். அது பாதி உண்மை. அதன் முதன்மையான வேலை, சக்கரத்தைத் தரையை விட்டு விலகாமல் வைத்திருப்பது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அவை வேலை செய்யும். வண்டியின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். ஆனால் ஸ்பிரிங் ஒரு முறை அமுங்கினால் தானாக அடங்காது. மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதன் உள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கித் தள்ளப்படுகிறது. அந்த நெருக்கத்தில் அசைவு வெப்பமாக மாறி அடங்கிவிடுகிறது. உள்ளே உள்ள சீல் கெட்டு எண்ணெய் கசிந்துவிட்டால், ஸ்பிரிங்கை அடக்க ஆள் இல்லை. மேடுபள்ளமான சாலையில் சக்கரம் துள்ளும். துள்ளும் கணத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

இன்று நாம் ஓட்டும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக இணைந்த ஸ்ட்ரட் இருக்கிறது. ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் அழைக்கப்படும் இந்த அமைப்பு, 1950களின் தொடக்கத்தில் ஃபோர்டு நிறுவனத்தின் பிரிட்டன் கார்களில் வந்தது. பாகங்கள் குறைவு, இடமும் குறைவு என்பதால் உலகெங்கும் பரவியது. பல சபைகளின் வளாகத்தில் இன்றும் நிற்கும் மாருதி ஆம்னி வேனிலும் முன்பக்கம் இதுவே; பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். ஆம்னி 1984 முதல் 2019 வரை தயாரிக்கப்பட்ட வண்டி. ஆகவே நம் கண்ணில் படும் ஆம்னிகளில் மிகவும் புதியதுகூட இப்போது புதியது அன்று.

சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருப்பது லோயர் ஆர்ம் என்னும் இரும்புக் கை. அதன் ஒரு முனை வண்டியின் உடலோடு ரப்பர் புஷ்களால் பொருத்தப்பட்டிருக்கும். மறு முனை பால் ஜாயின்ட் வழியாகச் சக்கரத்தைத் தாங்கும் பாகத்தோடு சேர்ந்திருக்கும். பால் ஜாயின்ட் என்பது நம் தோள்மூட்டைப் போன்றது: கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை, இடையில் கிரீஸ், மேலே ஒரு ரப்பர் உறை. அந்த உறை கிழிந்தால் தூசியும் தண்ணீரும் உள்ளே புகும், கிரீஸ் வெளியேறும், உருண்டையும் கிண்ணமும் ஒன்றையொன்று தேய்க்கத் தொடங்கும். முற்றிலும் தேய்ந்தபின் ஒரு நாள் உருண்டை கிண்ணத்தைவிட்டுக் கழன்று வெளியே வந்துவிடும். அப்போது அந்தச் சக்கரம் மடங்கிச் சாய்ந்துவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பயனில்லை. தெருவில் மெதுவாகப் போகும்போது நேர்ந்தால் செலவோடு போகும். நெடுஞ்சாலையில் நேர்ந்தால் என்னவாகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

இவை ஒரே நாளில் கெடுவதில்லை என்பதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து. டயர் பஞ்சரானால் உடனே தெரியும். பேட்டரி போனால் வண்டி கிளம்பாது. சஸ்பென்ஷனோ ஒவ்வொரு வேகத்தடையிலும் ஒவ்வொரு பள்ளத்திலும் கடுகளவு தேய்கிறது. நேற்றைய வண்டிக்கும் இன்றைய வண்டிக்கும் வேறுபாடு தெரியாது. இடப்பக்கம் இழுத்தால் நம் கை தானாகவே ஸ்டியரிங்கைச் சற்று வலப்பக்கம் பிடித்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. 'கடக் கடக்' என்று சத்தம் வந்தால் வானொலியின் ஒலியைக் கூட்டுகிறோம். நாள்தோறும் ஓட்டுகிறவரே அந்த வண்டியின் நிலையை அறிய மிகவும் தகுதியற்றவர் ஆகிவிடுகிறார். "பத்து வருடமாக ஓட்டுகிறேன், என் வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாதா?" என்று சொல்லும் சகோதரருக்கு நான் அன்போடு சொல்வது இதுதான்: பத்து வருடமாக ஓட்டுவதனாலேயே உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். வேறொருவரை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியைத் தூக்கி, சக்கரத்தை அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கே நம் விசுவாசத்தைத் தொடும் ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பயணம் புறப்படுமுன் ஜெபிப்பது நம் வழக்கம்; அது நல்ல வழக்கம். பின் கண்ணாடியில் வசனம் ஒட்டுகிறோம், அதிலும் குற்றமில்லை. ஆனால் பால் ஜாயின்டில் ஆட்டம் இருப்பதை மெக்கானிக் சொல்லக் கேட்டு, அதை மாற்றாமல் விட்டு, பாதுகாப்புக்காக ஜெபித்துப் புறப்படுவது விசுவாசம் ஆகாது. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி சோதனைக்காரன் சொன்னபோது நம் ஆண்டவர் அதற்கு இணங்கவில்லை என்பதை நினைவுகூருங்கள். தெரிந்தே ஆபத்துக்குள் போய், தூதர்கள் தாங்கட்டும் என்று எதிர்பார்ப்பதை அவர் ஏற்கவில்லை.

உபாகமம் 22ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தில் ஒரு வீட்டுக்காரனுக்குக் கட்டளை கொடுக்கப்படுகிறது. புதிய வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எவராவது அங்கிருந்து விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். சுவர் இல்லாத மாடியில் உலாவப் பழகிய வீட்டுக்காரன் ஒருவேளை விழாமலே இருந்துவிடுவான். வந்துபோகிறவர்களுக்கும் சேர்த்தே அந்தச் சுவர். அன்றைய மாடிக்குச் சொல்லப்பட்டது இன்றைய காருக்கும் பொருந்தும் என்று நான் நம்புகிறேன். ஞாயிறு காலையில் முதியவர்களை ஆலயத்துக்கு அழைத்து வருகிறீர்கள். நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறீர்கள். ஏறுகிறவர்கள் வண்டியின் அடியைக் குனிந்து பார்ப்பதில்லை. உங்களை நம்பி ஏறுகிறார்கள்.

ஆயினும், "போதகரே, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற என்னிடம் பணம் இல்லை" என்று சொல்வீர்கள். அது நியாயமான பதில். ஆகவே எதை முதலில் செய்ய வேண்டும் என்பதை அறிந்துகொள்வது நல்லது. பால் ஜாயின்ட், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் ஆகிய இரண்டிலும் ஆட்டம் இருந்தால், மாற்றும்வரை வண்டியை நிறுத்திவிடுங்கள். இதில் 'இப்போதைக்கு' என்பதற்கு இடமே இல்லை. அடுத்து, எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பர்களும் முறிந்த ஸ்பிரிங்கும். அதற்கடுத்து, வெடித்துப்போன லோயர் ஆர்ம் புஷ்கள். ஸ்டெபிலைசர் லிங்க் சிறு மேடுகளில் சத்தம் போட்டு நம்மை அதிகம் தொந்தரவு செய்யும். ஆனால் வரிசையில் அதற்குக் கடைசி இடம் கொடுக்கலாம். சத்தம் போடுவதே பெரிய கோளாறு, சத்தமில்லாதது சுகமாயிருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம்.

செய்யும் வேலையைச் சரியாகச் செய்வதும் முக்கியம். ஷாக் அப்சார்பரை ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். முன்னிரண்டும் சேர்த்து, அல்லது பின்னிரண்டும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வண்டி இரண்டு பக்கமும் ஒரேபோல் நடந்துகொள்ளாது. புதிய புஷ் பொருத்தியபின் அதன் போல்ட்டை, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுதியாக இறுக்கக் கூடாது; வண்டியின் பாரம் சக்கரங்களின்மேல் இறங்கியபிறகே இறுக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் வண்டி சும்மா நிற்கும்போதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். "போன வருடம்தான் மாற்றினேன், அதற்குள் போய்விட்டது" என்ற முறையீட்டுக்குப் பின்னால் இந்தத் தவறு இருக்கக்கூடும். கழற்றிய லாக் நட்டுகளுக்கும் பின்களுக்கும் பதிலாகப் புதியவற்றைப் போடச் சொல்லுங்கள். லோயர் ஆர்ம், ஸ்ட்ரட், டை ராட் எண்ட் ஆகியவற்றில் எதை மாற்றினாலும் அதன்பின் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். தேய்ந்த பாகங்களை அப்படியே விட்டு அலைன்மென்ட் மட்டும் செய்வது, ஆடும் நாற்காலியின்மேல் நின்று சுவரில் நேர்கோடு போடுவதைப் போன்றது.

தாழ்ந்துபோன ஸ்பிரிங்கின் சுருள்களுக்கிடையே ரப்பர் துண்டைச் செருகி வண்டியை உயர்த்திக்கொள்ளும் வழியும் உண்டு. செலவு குறைவு; ஆனால் களைத்துப்போன ஸ்பிரிங் அதனால் புதியதாகிவிடாது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காணொளியைப் பார்த்து வீட்டிலேயே ஸ்ட்ரட்டைப் பிரிக்க முயலும் இளைஞர்களையும் எச்சரிக்கிறேன். அமுக்கி வைக்கப்பட்டிருக்கும் ஸ்பிரிங்கில் உயிரைப் பறிக்கும் விசை அடங்கியிருக்கிறது. அதற்குரிய கம்ப்ரஸர் கருவியைப் பூட்டாமல் மேல் நட்டைக் கழற்றினால் அது வெடித்துக் கிளம்பும். அந்த வேலையை அறிந்தவரிடம் விடுங்கள். அவரிடம் பில்லோடு பாகங்களை வாங்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அவருடைய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். நம் சபையைச் சேர்ந்த மெக்கானிக் என்பதற்காக அவருடைய உழைப்பை இலவசமாக எதிர்பார்ப்பது அன்பாகாது. நாம் கூலியைக் குறைக்கக் குறைக்க, அவர் நமக்கு உண்மையைச் சொல்லும் துணிவும் குறைகிறது.

எல்லாப் பழைய வண்டியையும் காப்பாற்றிவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்று இரும்பை எப்படி அரிக்கும் என்று நமக்குத் தெரியும். லோயர் ஆர்ம் பொருந்தும் இடமே துருப்பிடித்து உளுத்துப்போயிருந்தால், புதிய பாகத்தை எதில் பூட்டுவது? அந்த நிலையில் வண்டிக்கு ஓய்வு கொடுப்பதே நேர்மை. அதை உண்மை சொல்லாமல் இன்னொரு ஏழையின் தலையில் கட்டிவிடக் கூடாது. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதி பார்த்து 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கிறார்கள். அந்தத் தாள் வண்டியின் அன்றைய நிலையைத்தான் சொல்லும். அடுத்த 5 ஆண்டுகளுக்கும் வண்டியின் அடியைக் கவனிப்பது நம் பொறுப்பு.

சபையாகவும் நாம் யோசிக்க வேண்டியது உண்டு. சபை வேனுக்குப் புதிய இருக்கை உறையும், நல்ல ஒலிபெருக்கியும், வெளியே சபையின் பெயரும் வேண்டுமென்றால் காணிக்கை கொடுக்க ஆட்கள் எழும்புகிறார்கள். கொடுத்தவர் பெயரை அங்கே எழுதலாம். லோயர் ஆர்மில் யாருடைய பெயரையும் எழுத முடியாது. அது சேற்றுக்குள் இருக்கும். ஆனால் மழைக்காலத்தில், தண்ணீர் நிரம்பி ஆழம் தெரியாத பள்ளத்தில் சக்கரம் விழும்போது நம் பிள்ளைகளைத் தாங்குவது அதுதான். கமிட்டியில் உள்ளவர்கள் வேனின் அடியைப் பார்க்கும் செலவை வரவுசெலவுத் திட்டத்தில் முதலில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் சகோதரர்களையும் மறக்கலாகாது. வண்டியை 2 நாள் நிறுத்தினால் அவர்களுக்கு 2 நாள் கூலி இல்லை. பாகங்களுக்கும் பணம் இல்லை. "நிறுத்திவிடுங்கள்" என்று அவர்களிடம் சொல்வது எனக்கு எளிது. சொல்லிவிட்டு நாம் கைகட்டி நிற்கக் கூடாது. திருமணத்துக்கும் கல்விக்கும் உதவும் நம் சபையின் உதவி நிதி, ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும் வண்டியின் 2 பால் ஜாயின்டுகளுக்கும் ஏன் உதவக் கூடாது? இதைக் கேட்க அவர்கள் வெட்கப்படுவார்கள். ஆகவே அவர்கள் கேட்குமுன் நாமே விசாரிப்போம்.

வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. அதைத் தொடர்ந்து டிசம்பர் மாதம் வரும். கேரல் பவனிக்காக வாலிபர்கள் இரவு முழுவதும் வேனில் நெருக்கி உட்கார்ந்து பாடிக்கொண்டே ஊர் சுற்றுவார்கள். வழக்கமான பாரத்தைவிட அதிகமான பாரம், மழையில் சிதைந்த சாலை, உறக்கம் கண்ணைக் கட்டும் நேரம். அந்த இரவுகள் வருவதற்கு முன்பே இதைச் செய்துமுடிக்க வேண்டும் என்பதற்காகவே இப்போது எழுதுகிறேன். இவ்வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். அவர் வண்டியின் அடியிலிருந்து எழுந்து வரும்போது "இப்போதைக்கு ஓடுமா?" என்று கேட்காதீர்கள். "இதில் உங்கள் பிள்ளையை ஏற்றி அனுப்புவீர்களா, அண்ணே?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலின்படி செய்யுங்கள்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.